ஓரமாக அடுக்கி வைத்த மாமர விறகு

விறகு வாங்க வருகிறவர்கள் விறகை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் என் தொண்டை இவ்வளவு கெட்டிருக்காது. கப்பலேறிப் பிழைக்க வந்த ஊரில், சிராங்கூன் ரோட்டில், மாட்டுக் கொட்டகைகளுக்கு எதிரே, ரோச்சோர் ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது என் கடை. ஆற்று வழியாகப் படகில் வந்து இறங்குகிற பக்காவ் கட்டைதான் அப்போது ஊர் முழுக்க அடுப்பு விறகு. கடலோரச் சேற்றில் வளர்கிற மரம் அது. நின்று எரியும், கரியும் நன்றாக விழும். அதை வாங்கிப் பிளந்து, காயவைத்து விற்பது என் தொழில். கேட்க லேசாகத்தான் இருக்கும்.

ஊரே காய்ந்த விறகு கேட்டு என்னோடு மல்லுக்கட்டும்போது, எருமை வைத்திருந்த பால்காரர் ஒருவர் மட்டும் ஈர விறகு கேட்டு வருவார். கொட்டகையில் கொசு விரட்டப் புகை வேண்டுமாம்.

"நல்லாப் புகையணும் கடைக்காரரே. கண்ணுல தண்ணி கொட்டணும்."

"யாரு கண்ணுல?"

"எருமைக் கண்ணுல கொட்டினாக்கூடப் பரவால்ல. கொசு போவணும்."

ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருவரின் மனைவி அடுக்கின் மேல்வரிசையிலிருந்துதான் விறகு எடுக்கவேண்டும் என்பார். அடிவரிசையில் நாய் காலைத் தூக்கிவிட்டுப் போயிருக்குமாம். மேல்வரிசையில் காக்காய் உட்கார்ந்திருக்குமே அம்மா என்று ஒரு நாள் சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்றிலிருந்து நடுவரிசை கேட்க ஆரம்பித்தார். மொத்த அடுக்கையும் பிரித்துத் திரும்ப அடுக்கவேண்டும். கோயில் குருக்களுக்கோ ஓமத்துக்கு யாரும் தாண்டாத குச்சி வேண்டும். என் கடையில் எதையாவது தாண்டாமல் ஓரடி எடுத்து வைக்க முடியாது. ஆனாலும் அவருக்கென்று பரண்மேல் தனியாகப் போட்டு வைத்திருந்தேன்.

எனக்கு முன்கோபம் அதிகம். வாய்க்கு வந்தபடி கத்துவேன். ஆனால் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினதில்லை. "அந்தக் கடைக்காரன் திட்டுவான், ஆனா கேட்டதைக் குடுப்பான்" என்று என் காதுபடவே சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அந்தக் கர்வத்தோடு இருந்தபோதுதான் தண்ணீர் வண்டிக்காரர் வந்தார்.

புழுதி அடங்குவதற்காகச் சாலைகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டு போகும் மாட்டு வண்டியை ஓட்டுகிறவர் அவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். மெலிந்த உடம்பு, நரைத்த பெரிய மீசை. தினமும் கடையைத் தாண்டிப் போவார், ஒரு தலையாட்டலோடு சரி. ஒரு நாள் காலையில் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"மாமரக் கட்டை கிடைக்குமா?"

"எதுக்கு? ஓமத்துக்கா?"

"எனக்குத்தான்."

"உங்களுக்குன்னா, அடுப்புக்கா?"

"இல்லப்பா. நான் போயிட்டா எரிக்கிறதுக்கு."

கடை திறந்து சூடம்கூடக் காட்டி முடிக்கவில்லை. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "முதல் வியாபாரத்துக்கு வந்து பேசற பேச்சாய்யா இது?" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. நான் கத்தி முடிக்கும்வரை நின்றுவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

"எனக்கு இங்க யாரும் இல்ல. நாதியத்தவன் செத்தா எங்கயாவது குழி வெட்டிப் போட்டுடுவாங்க. என்னை எரிக்கணும். விறகு தயாரா இருந்தா, ஐயோ பாவம்னு எவனாவது எரிச்சுடுவான் இல்லையா? பக்காவ் வேணாம். அது உப்புத் தண்ணியில வளர்ந்தது. எனக்குக் கடலே ஆகாது."

கடல் ஏன் ஆகாது என்பதை இன்னொரு நாள் சொன்னார். அவரும் அவர் தம்பியும் ஒரே கப்பலில் ஏறினார்களாம். வழியிலேயே தம்பிக்குக் காய்ச்சல் கண்டு, கரையைப் பார்க்காமலே போய்விட்டானாம். துணியில் சுற்றிக் கடலில் இறக்கிவிட்டார்களாம். "அவனுக்கு ஒரு சுள்ளிகூடக் கிடைக்கல தம்பி" என்று சொல்லி, என் கடை விறகின்மேல் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். முரடனுக்கு அழுகை வந்தால் லேசில் நிற்காது. இன்றைக்கு நினைத்தாலும், நான் அழுததைப் பற்றி எனக்கு வெட்கமில்லை. அவர் அழுதாரே, அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த மழைக்காலத்தில் புக்கித் தீமா பக்கத்து பங்களா ஒன்றில் பெரிய மாமரம் காற்றில் சாய்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, வண்டி கட்டிக்கொண்டு போய் அறுத்து எடுத்து வந்தேன். காய்ந்ததும் அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன். துணிக்கடையில் புடவை எடுக்கிற பெண்கள் தோற்றுப்போவார்கள். ஒவ்வொரு கட்டையாகத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். ஒதுக்கியது போக மிச்சத்தைத் தரையில் பரப்பச் சொல்லி, தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டு அதன்மேல் நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"கால்மாட்டுல ஒரு கட்டை பத்தாது பாரு."

"எந்திரிங்கண்ணே, ஆளுங்க பாக்கறாங்க."

"இரு தம்பி. இடுப்புக்கிட்ட ஒரு முடிச்சு குத்துது. அதைச் செதுக்கிடு."

விறகு பிளக்கிற என் ஆட்கள் கோடாலியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நான் முடிச்சைச் செதுக்கினேன். விலையில் பேரமே பேசாமல் அங்கேயே கொடுத்து முடித்தார். விறகை மேற்குச் சுவர் ஓரமாகத் தனியாக அடுக்கி, மேலே ஓலை போட்டு மூடினேன். அதன் பிறகு வண்டி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் இறங்கி, ஓலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போவார். சாவுக்கு விறகு வாங்குகிறவர்கள் போகும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லமாட்டார்கள். இவர் ஒவ்வொரு தடவையும் வாய் நிறையச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. 'அண்ணே' என்று வாடிக்கைக்காரர்களை ஆயிரம் பேரைக் கூப்பிட்டிருப்பேன், அது வியாபாரம். இவரை அப்படிக் கூப்பிடுவது வேறு மாதிரி இருந்தது. அவர் வண்டி மணி கேட்டால் என் மனைவி கேட்காமலே இன்னொரு டம்ளர் எடுத்து வைப்பாள்.

ஒரு நாள் காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டார். "விறகு ஆச்சு. கொள்ளி வைக்க ஆளு? கூடப்பொறந்தவன்தான் கடலோட போயிட்டான். நீ வைப்பியா தம்பி?"

வைக்கிறேன் அண்ணே என்று உடனே சொல்லிவிட்டேன். டம்ளரை எடுக்க வந்த மனைவியின் முகம் மாறிவிட்டது. அவர் போனதும் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பா ஊருல நல்லா இருக்காரு. அவரு உசுரோட இருக்கும்போது வேற ஒருத்தருக்குக் கொள்ளி எடுப்பீங்களா? விறகு கேட்டா விறகு குடுங்க. கேக்கறதெல்லாம் குடுக்கணும்னு என்ன எழுத்து?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் ஆட்களில் அப்பா இருக்கிற பிள்ளை இன்னொருவருக்குக் கொள்ளி எடுப்பது வழக்கமில்லை. குருக்களிடம் போய்க் கேட்டேன். அநாதைக்குச் செய்தால் புண்ணியம்தான், ஆனால் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றார். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நாகப்பட்டினம் கப்பலில் போனார். அவரிடம் விவரமெல்லாம் சொல்லி அனுப்பினேன். மாதங்கள் கழித்து அவர் திரும்பி வந்து, அப்பா சொன்னதை அப்பா குரலிலேயே சொன்னார்.

"யாருக்கோ வைக்க எங்கிட்ட உத்தரவு கேக்கறானா? சரி, வைக்கட்டும். எனக்கு வைக்க வருவானான்னு கேட்டுட்டு வா."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அப்பா 'வைக்கட்டும்' என்று சொல்லிவிட்டார். நான் அதையே பிடித்துக்கொண்டேன். தண்ணீர் வண்டிக்காரரிடம் அப்பா சம்மதித்துவிட்டார் என்பதை மட்டும் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த மழையில் படகுகள் வரவில்லை. ஊரில் காய்ந்த விறகுக்குத் தட்டுப்பாடு. நாகூர்க்காரர் ஒருவர், கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்குகிறவர், வருஷக்கணக்காக என்னிடம்தான் விறகு எடுப்பார். கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். கடையை ஒரு சுற்றுச் சுற்றியவர் நேராக மேற்குச் சுவருக்குப் போய் ஓலையைத் தூக்கிவிட்டார்.

"இவ்வளவு காஞ்ச கட்டையை வச்சுக்கிட்டா இல்லைங்கறீங்க?"

"பாய், அது வேற ஆளு விறகு."

"எந்த ஆளு?"

"அந்தா தண்ணி வண்டியோட போறாரே, அந்த ஆளு. அவரை எரிக்க வச்சிருக்கேன்."

பாய் வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவரு நல்லாத்தானே போறாரு? கல்யாணம் நாளைக்குய்யா! கட்டையை இப்பக் குடுங்க, அவரு மவுத்தாவறதுக்குள்ள நானே வேற கொண்டாந்து அடுக்கறேன்" என்றார்.

அவர் கேட்டது தப்பே இல்லை. கல்யாண வீடு. என் ஆட்கள்கூடக் கொடுத்துவிடலாம் என்றார்கள். நான் மாட்டேன் என்று நின்றுவிட்டேன். பாய் கோபத்தில் முகம் சிவந்து போனார். அதோடு என் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் போனால் கூடவே இன்னும் சிலர் போவார்கள், போனார்கள். அதற்கெல்லாம் நான் கவலைப்படவில்லை. கூடப்பிறந்தவனுக்குக் கொடுத்த வாக்கு என்று மார்தட்டிக்கொண்டேன்.

அந்தத் தீபாவளிக்கு வண்டிக்காரர் மத்தியானத்துக்கு மேல் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவியும் அதற்குள் மனம் மாறியிருந்தாள். இலை போட்டுப் பரிமாறினாள். பசியில்லை என்று கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார். எழுந்து கைகழுவும்போது அவளிடம், "எனக்குன்னு இந்த ஊருல இருக்கிற ஒரே தம்பி இவன்தாம்மா" என்றார். அவள் கண் கலங்கிவிட்டது.

தை பிறந்து சில நாட்களில் அவருடைய வண்டியை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போனார். நிறுத்திக் கேட்டேன். உடம்புக்கு முடியவில்லையாம். கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு அவர் தங்கியிருந்த கூலிக் கொட்டகைக்கு ஓடினேன். அவர் படுக்கிற கோரைப்பாய்கூட அங்கே இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரர், "சொந்தக்காரங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்களே" என்றார்.

"அவருக்கு ஏதுய்யா சொந்தம்? யாரைச் சொல்ற?" என்று அந்த மனிதர்மேல் பாய்ந்தேன். வேறு யாரையோ நினைத்துக்கொண்டு உளறுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் கட்டிலாகப் பார்த்தேன். தெரிந்த வண்டிக்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன். எங்கேயாவது தனியாகக் கிடந்து, என்னைக் கூப்பிட ஆளில்லாமல் தவிக்கிறாரோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று. வேட்டி ஒன்றைத் துவைத்து மடித்துத் தயாராகக்கூட வைத்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் காலையில் வாடகை மாட்டு வண்டியோடு ஒருவர் வந்து இறங்கினார். அதே நெற்றி, அதே மூக்கு. மீசை மட்டும் கறுப்பு. உடம்பு நல்ல வாட்டசாட்டம்.

"மாமரக் கட்டை வச்சிருக்கற கடை இதுதானே? தண்ணி வண்டி ஓட்டுவாரே, அவரோடது. நேத்து சாயங்காலம் தவறிட்டாரு. வண்டி கொண்டாந்திருக்கேன்."

"நீங்க யாரு?"

"நான் அவரு தம்பி."

"எந்தத் தம்பி?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எந்தத் தம்பின்னா? ஒரே தம்பிதான். தஞ்சோங் பகார்ல கப்பல் துறையில வேலை. ஏன் கடைக்காரரே?"

நான் அடுக்கிய விறகின்மேல் கையை ஊன்றிக்கொண்டேன். "தம்பி கப்பல்லயே செத்துட்டாருன்னு சொன்னாரே."

அந்த மனிதர் சிரித்துவிட்டார். சாவு வீட்டிலிருந்து வந்தவர், அடக்கமுடியாமல் சிரித்தார். "அப்படியா சொன்னாரு? அண்ணன் குணம் அதுதான். வந்த புதுசுல எங்களுக்குள்ள ஒரு தகராறு. வருஷக்கணக்கா மூஞ்சி பாக்கல. கோவத்துல சொல்லியிருப்பாரு. அப்புறம்தான் சேந்துட்டோமே."

"எப்ப சேந்தீங்க?"

"போன தீபாவளிக்கு முன்னாடியே. தீபாவளி அன்னிக்குக் காலையில எங்க வீட்டுலதான் எண்ணெய் தேச்சுக் குளிச்சு, சாப்பிட்டாரு."

பசியில்லை என்று எங்கள் வீட்டில் இலையை மடித்த காரணம் எனக்கு அப்போது விளங்கிற்று. கோபத்தில் சொன்ன பொய்யை நான் மன்னித்திருப்பேன். உயிரோடிருக்கிற தம்பியைச் செத்தவனாக்கி அழுததைக்கூட ஒரு வகையில் பொறுத்துக்கொண்டிருப்பேன். தம்பி வீட்டில் சாப்பிட்ட கையோடு என் வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம், இருக்கிற ஒரே தம்பி இவன்தான் என்று சொல்ல எப்படி வாய் வந்தது? 'தம்பி கிடைச்சுட்டான், இனி நீ வைக்கவேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மாலை வாங்கிப் போட்டுச் சந்தோஷப்பட்டிருப்பேனே. கேட்கக்கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன்.

"படுக்கையில இருக்கும்போது என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

அவர் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். அதைக் குறை சொல்லமுடியாது.

"உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே. கடைசிவரைக்கும் நல்ல நெனவோடதான் இருந்தாரு. விறகு எங்க இருக்குன்னு மட்டும் சொன்னாரு. மேக்குச் சுவரு, ஓலை போட்டு மூடியிருக்கும்னாரு."

விறகு இல்லை, விற்றுவிட்டேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கல்யாணத்துக்குக் கொடுத்திருக்கலாம், பாய் வாழ்த்தியிருப்பார். ஆனால் அது அவர் விலை கொடுத்து வாங்கிய சரக்கு. அவருக்கும் எனக்கும் நடுவில் பொய்யில்லாமல் இருந்தது அந்த வியாபாரம் ஒன்றுதான். ஓலையை எடுத்து எறிந்துவிட்டு, என் ஆட்களைத் தொடவிடாமல் நானே சுமந்து வண்டியில் ஏற்றினேன். என் ஆட்கள் யாரும் அன்று சிரிக்கவில்லை.

போகாமல் இருந்திருக்கலாம். கால் கேட்கவில்லை. வண்டிக்குப் பின்னாலேயே நடந்து சுடுகாட்டுக்குப் போனேன். துறைமுகத்து ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். நாதியற்றவர் என்று நான் நம்பியவருக்கு நல்ல கூட்டம். தம்பிக்கு மொட்டையடித்து, ஈர வேட்டியோடு தோளில் குடத்தை ஏற்றினார்கள். காரியம் செய்து வைத்தவர் என்னைப் பார்த்து, "இவரு யாரு? முறை உண்டா?" என்று கேட்டார்.

"விறகுக் கடைக்காரரு. நல்ல மனுஷன். வண்டியோடவே வந்துட்டாரு பாருங்க" என்றார் தம்பி.

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சொந்தக்காரங்க வாய்க்கரிசி போட வாங்க."

நான் தள்ளி நின்றேன். முகத்தை மூடும்முன் ஒரு தடவை பார்த்தேன். நிம்மதியாகத்தான் இருந்தார். அவரிடம் சத்தமாக நாலு வார்த்தை கேட்கவேண்டும் போல் இருந்தது. ஊரில் யாரைத் திட்டவும் அஞ்சாதவன், அந்த ஒரு ஆளைத் திட்ட வழியில்லாமல் நின்றேன். தம்பி திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்தார். காய்ந்த மாமரம், சட்டென்று பிடித்துக்கொண்டது. நல்ல விறகு என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி கொல்லைப்புறத்தில் அண்டா நிறையத் தண்ணீர் எடுத்து வைத்திருந்தாள். என் ஆட்கள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கே சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தலையோடு ஊற்றிக்கொண்டு வந்தேன். அவள் அடுக்களை வாசலில் நின்றாள். காலையிலிருந்து அடுப்பு மூட்டாமல் வைத்திருந்தாள். எங்களில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவருவார்கள்.

"ஏங்க, அடுப்பு பத்த வைக்கலாமா, கூடாதா?" என்று கேட்டாள். அவள் குத்திக்காட்டவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னேன்.

"பத்த வை. நமக்கு யாரும் சாகல."